அம்மா கை

அந்தப் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் ஷெட்டில் இப்போதெல்லாம் சைக்கிள் நிற்பதில்லை. அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் மணி அடிப்பதற்கு முன்பே வந்து, பாய் விரித்து இடம் பிடித்து, பூண்டு உரித்துக்கொண்டும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டும் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே கிடப்பார்கள். ஒவ்வொருத்தியின் காதுக்குப் பின்னாலும் ஒரு பட்டை. பட்டைக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு முத்து. அதற்கு ஜோடி முத்து உள்ளே வகுப்பறையில், அவரவர் பிள்ளையின் காதுக்குப் பின்னால் இருக்கும். அம்மாவின் உடம்புக்குள் ஓடுகிற தாளத்தை இந்த முத்து எடுத்து அந்த முத்துக்கு அனுப்பும். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டினால் எட்டாது. அதனால்தான் இந்தக் காவல்.

அப்பாக்கள் வரமாட்டார்களா என்று கேட்பீர்கள். வந்தார், ஒருத்தர், ஒரே ஒரு நாள். அவருக்கு போன் பேசவே பொழுது போதவில்லை. மறுநாளே மனைவியை அனுப்பிவிட்டார்.

இந்த ஷெட்டில் சுகந்திக்கு ஏக மரியாதை. அவள் வந்தால் மின்விசிறிக்கு நேரே இடம் விடுவார்கள்.

"ஏனுங்க்கா, உங்க கையில அப்படி என்னதான் இருக்குது?" என்றாள் பக்கத்துப் பாய் ஷாகிரா. "எம்பையன் இன்னும் சட்டைப் பட்டனே நேரா போடமாட்டேங்கறான். உங்க பரிதி பாருங்க, போர்டுல எழுதறதப் பாத்து அப்படியே எழுதறானாமா. டீச்சரே சொல்றாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஷாகிரா."

"பாருங்க, இந்த அடக்கந்தான் உங்ககிட்ட எனக்குப் புடிச்சது."

அடக்கமாவது மண்ணாவது! சுகந்தி சொன்னது அப்பட்டமான உண்மை. அவள் காதில் மாட்டியிருந்த பட்டை வெறும் பட்டை. உள்ளே இருக்கவேண்டிய முத்து, மாடியில் எட்டாம் வகுப்பில், அவள் மகள் தாரகையின் காதுக்குப் பின்னால், பின்னலுக்கு அடியில் ஒளிந்திருந்தது.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பரிதிக்கு ஒன்பது வயது. வாய் திறந்தால் மூடாத, கேள்வி கேட்டே ஆளை அசரடிக்கிற பிள்ளை. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவ்வளவுதான். ஒரு வார்த்தையின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரியில் முடிப்பான். அவனிடம் பந்தை வீசினால், பந்து போனபிறகு கை மூடும். சமதரையில் தடுக்கி விழுவான். டம்ளர் உருளாமல் அவன் பால் குடித்ததாகச் சரித்திரமே இல்லை. வகுப்பில் உட்காரச் சொன்னால் ஜன்னலோரம் நிற்பான், நிற்கச் சொன்னால் ஓடுவான். டீச்சர் சோம்பேறி என்றார். அப்பா சம்பத் கொழுப்பு என்றார். சம்பத்தின் அக்கா வசந்தாமணி மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

"எங்க பக்கத்துல இப்படி ஒருத்தருங்கூடக் கெடையாதே. எங்கிருந்து வந்துதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சுகந்தியைப் பார்த்தாள்.

எங்கிருந்து வந்தது என்று சுகந்திக்குத் தெரியும். அவளுக்கு மட்டுந்தான் தெரியும். அவளுக்குச் சைக்கிள் ஓட்ட வராது, ஷூ லேஸ் கட்ட வராது. கோலம் போட வராமல் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு இடுப்பு வலி என்பாள். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் சத்தம் போட்டுப் படிப்பதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து பாஸானவள். பேப்பரைப் பக்கம் புரட்டி வைப்பாளே தவிரப் படித்ததில்லை. யாருக்கு என்ன சொல்ல வேண்டுமானாலும் வாட்ஸப்பில் குரல்பதிவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சம்பத்துக்கு ஒரு சந்தேகம் வரவில்லை. அவளுக்குப் படிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சூலூரிலிருந்த சிகிச்சை மையத்துக்குக் குடும்பத்தோடு போனார்கள். வசந்தாமணியும் கூடவே வந்தாள், அவள் வராமல் அந்த வீட்டில் எது நடக்கும்? அங்கே மெர்லின் என்று ஒரு தெரபிஸ்ட். பரிதியை உள்ளே கூப்பிட்டு, காதில் முத்தை வைத்து, டமாரச் சத்தம் கேட்கக் கேட்க ஒரு தகட்டில் விரலால் தட்டச் சொன்னாள். தகட்டுக்கு மேலே இருந்த விளக்கு சிவப்பாக எரிந்தது.

"எனக்கு மட்டும் ஏன் சிவப்பு?" என்று பரிதி அழுதுவிட்டான். முன்னால் போன பிள்ளையோடு வந்திருந்த அப்பாவுக்குப் பச்சை எரிந்ததை அவன் பார்த்திருந்தான்.

"தப்பு ஒண்ணும் பண்ணல தம்பி" என்று அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு மெர்லின் பெரியவர்களிடம் திரும்பினாள். "இது சோம்பேறித்தனமும் இல்ல, கொழுப்பும் இல்லீங்க சார். நம்ம எல்லாருக்கும் உள்ளுக்குள்ள ஒரு தாளம் ஓடும். கை எப்ப மூடணும், கண்ணு எப்ப அடுத்த எழுத்துக்குப் போகணும்னு அதுதான் சொல்லுது. பரிதிக்கும் தாளம் இருக்குது. ஆனா ஒரு தடவ முந்துது, ஒரு தடவ பிந்துது. அதுக்குத்தான் இன்னொருத்தர் தாளத்தக் கொஞ்ச நாளைக்கு இரவல் குடுக்கறோம். கூட ஓடி ஓடி இவனுதும் ஒரு ஒழுங்குக்கு வரும்."

"அப்ப இவங்கக்கா குடுக்கட்டுமே" என்றார் சம்பத். "அதே பள்ளிக்கூடத்துலதான படிக்கறா? கேரம்ல ஜில்லா வரைக்கும் போனவ. கை சும்மா கல்லாட்டம் நிக்கும்."

"ஐயோ, பிள்ளைங்க குடுக்கவே கூடாதுங்க. பெரியவங்க தாளம் ஊறிப்போன தாளம், எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. பிள்ளைங்களுக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் அது வளந்துட்டே இருக்கும். வளர்ற மரக்கன்னுல ஊஞ்சல் கட்டுவாங்களா யாராச்சும்?"

சம்பத்துக்கு லேத் பட்டறை இருந்தது. அதை விட்டுவிட்டு ஷெட்டில் உட்கார முடியுமா? அம்மாதான் கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. யாரும் சுகந்தியைக் கேட்கவில்லை. எல்லா அம்மாக்களையும் போல அவளும் தலையாட்டினாள்.

பரிசோதனை அறைக்குள் கைப்பையைப் பிடித்துக்கொள்ளத் தாரகையை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். முத்தை மாட்டிவிட்டு மெர்லின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். டமாரம் அடித்தது. சுகந்தி தட்டினாள். சிவப்பு. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு. வெளியே வசந்தாமணியின் குரல் கணீரென்று கேட்டது. சுகந்திக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது.

"அம்மிணி, நீ கொஞ்சம் தட்டு பாக்கலாம். இந்த மிசினு சரியா இருக்குதான்னே தெரியல" என்று முத்தைக் கழற்றி மகள் காதில் வைத்தாள்.

தாரகை தட்டினாள். பளிச்சென்று பச்சை.

கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் தாரகை முத்தை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று சுகந்தி அப்போது யோசிக்கவில்லை.

"அடடே, அம்மா தாளம் அருமையா இருக்குதே!" என்றாள் மெர்லின், அணையாமல் எரிந்த பச்சையைப் பார்த்து.

சுகந்தி வாயைத் திறந்தாள். மெர்லினுக்குப் பின்னால் சம்பத் நின்றார், சம்பத்துக்குப் பக்கத்தில் வசந்தாமணி நின்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

ஒரு வாரம் மட்டும் என்றுதான் தாரகையிடம் சொன்னாள். "உனக்கு ஒண்ணும் ஆகாது அம்மிணி. யார்கிட்டயும் சொல்லிராத. தம்பிகிட்டகூட." தாரகை சரி என்றாள். பதின்மூன்று வயசுப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்காமல் சரி என்றால் பெற்றவளுக்குச் சுருக்கென்று இருக்கவேண்டாமா? சுகந்திக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வாரமே பரிதி சட்டைப் பட்டனை மேலிருந்து கீழ்வரை பிசகாமல் போட்டான். பேருந்து ஜன்னல் வழியாகப் பேக்கரிப் போர்டைப் படித்தான். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோய், குடித்து, திரும்ப வைத்தான். சுகந்தி சமையலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷ அழுகைதான். அவன் பின்னாலேயே வந்து அவள் வலதுகையைப் பிடித்து முத்தம் கொடுத்தான்.

"உங்கையிலதாம்மா எழுதறேன். அதான் அழகா வருது. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இது எங்கம்மா கையின்னு."

அவன் போனதும் அந்தக் கையைக் குழாயில் நீட்டிக் கழுவினாள். எதற்குக் கழுவினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஒரு வாரம் முடிந்ததும் மாதப் பரீட்சை வந்தது. பரீட்சை முடியட்டும் என்றாள். முடிந்ததும் கொஞ்சம் பழகட்டும் என்றாள். பழகியதும், இப்போது எடுத்தால் பிள்ளை மனசு உடைந்துபோகும் என்றாள். அதற்குள் தாரகை கையிலிருந்து டம்ளர்கள் விழ ஆரம்பித்திருந்தன.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசுக்கு வருகிற பெண், கவனம் எங்கேயோ இருக்கிறது என்றார்கள். பிறகு அவள் எழுத்து கோணியது. படியில் தடுக்கினாள். கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஸ்ட்ரைக்கர் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. "எரும மாதிரி வளந்துட்டா, கண்ண எங்க வெச்சுட்டு நடக்கறா?" என்று சம்பத் கத்துவார். சுகந்தி குறுக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வசந்தாமணி வீட்டு விசேஷப் பந்தியில் தாரகை பரிமாறப் போய்ச் சாம்பாரை அத்தையின் பட்டுப்புடவையில் கொட்டிவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தி எழுந்து வந்து, அத்தனை பேருக்கு முன்னால், மகள் முதுகில் ஓர் அறை வைத்தாள்.

எல்லாம் தெரிந்தவள் அறைந்தாள்! யாரும் தன்னைச் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று அறைந்தாள். தாரகை அழவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். சுகந்தி திரும்ப வந்து இலை முன்னால் உட்கார்ந்தாள். சீ, நானும் ஒரு பொம்பளையா என்று இருந்தது. இருந்தும் மறுநாள் காலையில் மகளுக்குப் பின்னல் போடும்போது முத்தை மறக்காமல் வைத்தாள்.

இப்படியே போய் அந்தச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பரிதிக்கு வாசிப்புத் தேர்வு. வெளியிலிருந்து அதிகாரி வருவார். வாசித்துக் காட்டினால் அதே வகுப்பு, இல்லாவிட்டால் வேறு ஊரிலுள்ள தனிப்பிரிவுப் பள்ளிக்குப் போகவேண்டியதுதான். அதே நாள், அதே பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் மண்டலக் கேரம் போட்டி. தாரகை பெயர் ஆறு மாதம் முன்பே கொடுத்தது. அப்போது அவள் கை அவளிடம் இருந்தது.

காலையில் பின்னல் போட முதுகைக் காட்டி உட்கார்ந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வேண்டாமே?"

சீப்பு அப்படியே நின்றது.

"இன்னிக்குத்தான கண்ணு தம்பிக்குப் பரீட்சை. கேரம் அடுத்த வருசங்கூட ஆடிக்கலாம்."

 தாரகை முத்தை வைப்பதற்கு வாட்டமாகத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

போட்டி ஆரம்பித்தபோது சுகந்தி ஹால் ஜன்னலோரம் வந்து நின்றாள். வந்திருக்க வேண்டாம். குழிக்கு நேரே, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்கிற மாதிரி ஒரு காய். தாரகை ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். காய் அசையவில்லை. ஸ்ட்ரைக்கர் போய்க் குழிக்குள் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அடுத்த முறை விரல் ஸ்ட்ரைக்கரையே தொடவில்லை, வெறும் காற்றைச் சுண்டியது. இப்போது ஹாலே சிரித்தது. இவள்தான் ஜில்லா வரைக்கும் போனவளா என்று எதிராளி வாய்விட்டே கேட்டாள். தாரகையின் கை ஒருதரம் காதுப் பக்கம் போனது. பின்னலை ஒதுக்கியது. பிறகு கீழே இறங்கிவிட்டது. அந்த முத்தை அவளே பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த சுகந்தி, எறிந்துவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அதை நினைத்து நினைத்துத்தான் பிற்பாடு அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

கீழே தண்ணீர்க் குழாயடியில் தாரகை உட்கார்ந்திருந்தாள். விளையாட்டுக்கென்று வாங்கிய வெள்ளை ஷூவின் லேஸ்கள் இரண்டும் அவிழ்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து வளையமாக்குவாள், அடுத்தது நழுவும். மறுபடி எடுப்பாள். கூடப் படிக்கிற பெண்ணிடம் தானாகப் போய்க் கற்றுக்கொண்ட வித்தை அது. முந்தியெல்லாம் கண் பார்க்காமல் கட்டுவாள்.

சுகந்தி அவள் முன்னால் குந்தி லேஸை வாங்கினாள். வாங்கி என்ன செய்ய? அவள் விரலுக்கு அது என்றைக்குமே வந்ததில்லை. வளையம் போட்டாள், பிரிந்தது. இருவரும் அந்த லேஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடும்மா. உனக்கு வராது."

"ஏன் வராது? இரு, இப்பக் கட்டிருவேன்."

"எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு உனக்கு ரெண்டு தடவையும் சிவப்பு வந்துச்சுல்ல." தாரகை தணிந்த குரலில் சொன்னாள். "அத்தை வெளிய நின்னுட்டிருந்தாங்க. பாத்தா உன்னய ஏதாச்சும் சொல்லுவாங்கன்னுதான் முத்த எடுத்து உங்கையில வெச்சேன்."

சுகந்தி லேஸை மறுபடி வளையமாக்கப் பார்த்தாள்.

"தம்பிக்காகத்தான் சும்மா இருக்கறன்னு நெனச்சியா?" என்றாள் தாரகை. "உனக்காகத்தாம்மா."

இதைக் கேட்டுக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம். சுகந்தி அந்தக் குழாயடியில் கூனிக் குறுகிப்போனாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை தன் கையைக் கொடுத்து அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பிள்ளையை ஊர் பார்க்க அறைந்தவள் இவள்.

அதற்குள் ஓவென்று கத்திக்கொண்டு பரிதி ஓடிவந்தான். "பாஸும்மா! ஒரு பக்கம் முழுசா வாசிச்சேன்! அந்த சாரே கை குடுத்தாரு!" அவன் பின்னாலேயே ஷாகிராவும் ஷெட் அம்மாக்களும் வந்துவிட்டார்கள். சுகந்தியக்கா, சுகந்தியக்கா என்று ஆளுக்கு ஒரு பக்கமாகத் தோளைப் பிடித்தார்கள்.

பரிதி அக்காவின் ஷூவைப் பார்த்தான்.

"தள்ளுக்கா, இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று சப்பணமிட்டு உட்கார்ந்தான். வளையம், சுற்று, இழு. ஒரு கால் முடிந்தது. "பாத்தியா? அம்மா கை!"

"அக்காவுக்குத் தம்பி லேஸ் கட்டிவிடுது பாருங்களேன்!" என்று ஷாகிரா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தாரகையும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பரிதி அடுத்த காலுக்கு வளையம் போட்டபோது சுகந்தி எழுந்து, மகளின் பின்னலை ஒதுக்கி, எல்லோரும் பார்க்க, காதுக்குப் பின்னாலிருந்த முத்தை எடுத்தாள்.

பரிதியின் விரல்கள் நின்றன. வளையம் பிரிந்து விழுந்தது. மறுபடி போட்டான், மறுபடி விழுந்தது. அண்ணாந்து பார்த்தான்.

"அம்மா, கை போச்சு."

"அது அம்மா கை இல்ல சாமி" என்றாள் சுகந்தி. "அக்கா கை."

அவன் அக்காவின் ஷூவைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, அவன் மந்தப் பிள்ளை என்று யார் சொன்னது? ஷாகிரா சுகந்தியின் தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.  

அன்று சாயங்காலமே சூலூர் மையத்தில், சம்பத்தும் வசந்தாமணியும் வெளியே காத்திருக்க, மெர்லின் தாரகையைத் தட்டச் சொல்லிப் பார்த்தாள். விளக்கு பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரிந்தது. மெர்லின் கத்தவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"திரும்பி வருங்களா?" என்றாள் சுகந்தி.

"வரும்னு சொல்ல ஆசையாத்தான் இருக்குது. தெரியலீங்க. பயிற்சி குடுப்போம், பாப்போம்." பிறகு மெர்லினுக்குத் தாளவில்லை. "அன்னைக்கே சிவப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாங்க? வேற ஆள் கெடைக்காட்டி பள்ளிக்கூடத்துலயே ஒரு ஆயாவப் போட்டுக் குடுக்கச் சொல்லுவோம். எத்தன பேருக்கு அப்படிப் பண்ணியிருக்கோம்! அம்மாவுக்குச் சிவப்பு வர்றது இங்க ஒரு அதிசயமே இல்லீங்க. சொல்லப்போனா பாதிப் பேருக்கு அப்படித்தான்."

பாதிப் பேருக்கு! இவ்வளவுதானா அது? இதற்காகவா?

பதிவைத் திருத்தவேண்டும், இன்னொரு தடவை தட்டிவிடுங்கள் என்று மெர்லின் தகட்டை நகர்த்தினாள். வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்க" என்றாள் சுகந்தி. வெளியே பார்த்துக் கூப்பிட்டாள். "என்னங்க, உள்ள வாங்க. அண்ணி, நீங்களும் வாங்க. வந்து பாருங்க."

சம்பத் வந்து நின்றார். வசந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்தாள். தாரகை சுவரோரமாக நின்றாள். டமாரம் அடித்தது. சுகந்தி தட்டினாள். முந்தியது, பிந்தியது, அவள் நிறுத்தவில்லை. கடைசிவரை தட்டினாள்.

சிவப்பு எரிந்தது.

"என் பக்கத்துலருந்துதான் வந்துதுங்க" என்றாள் சுகந்தி. "எனக்கு மொதல்லருந்தே தெரியும்."

சம்பத் தரையைப் பார்த்தார்.  அந்த நேரம் பார்த்து, அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் புகுந்துகொண்டு பரிதி உள்ளே வந்தான். வந்தவன் விளக்கைப் பார்த்தான். அக்காவின் முத்தைக் கழற்றியதிலிருந்து உம்மென்றே இருந்த முகம் அது. இப்போது அப்படியே விரிந்தது.

"ஐ! எனக்கும் இதே கலருதாம்மா வந்துச்சு!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அத்தையின் புடவையை இழுத்தான். "அத்தை, பாருங்க அத்தை! எனக்கும் எங்கம்மாவுக்கும் ஒரே கலரு!"

சுகந்தி அவன் பிடித்த கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குத் தெம்பில்லை. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.